வீட்டில் இருப்பதை சைக்கிளில் ஊற்றிக் கையைச் சுட்டுக்கொள்ளாதீர்கள்

எங்கள் குடியிருப்பில் புதிதாக சைக்கிள் வாங்கியவர்கள் ஞாயிற்றுக்கிழமை ஆனால் அதைக் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். நான் பழகிய காலத்தில் செய்த கூத்துகள் எல்லாம் ஒன்று விடாமல் மறுபடி நடக்கின்றன. ஸ்குரூடிரைவரால் டயரை நெம்பி டியூபைக் கிழிப்பது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். ஒரு தடவை கிழிந்தால் தானாகப் புத்தி வந்துவிடும்.

சைக்கிளுக்கென்று விற்கும் பொருளுக்குப் பதிலாக வீட்டில் இருப்பதைத் தொடவே கூடாது என்று சொல்ல வரவில்லை. செயின் கழுவ மண்ணெண்ணெய் அல்லது டீசல், தேய்க்கப் பழைய டூத் பிரஷ், துடைக்கக் கிழிந்த பனியன், இதற்கு மேல் எதுவும் வேண்டாம். எண்ணெய் விடும் முன் செயின் நன்றாகக் காய வேண்டும், அவ்வளவுதான்.

பைக்குக்கு வாங்கிய பிரேக் ஆயில்

இதை நினைத்தால் இன்னும் எரிச்சல் வருகிறது. ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் (கம்பிக்குப் பதில் ஆயில் அழுத்தத்தில் பிடிப்பது) உள்ள சைக்கிளை ஒரு தம்பி பழையதாக வாங்கியிருந்தான். லிவர் தொளதொளவென்று இருந்ததால் பிரேக் ஆயிலுக்குள் புகுந்த காற்றை வெளியேற்றத் தானே இறங்கிவிட்டான். மெடிக்கலில் வாங்கிய சிரிஞ்ச், சின்ன டியூப் எல்லாம் சரிதான். ஆயிலுக்கு மட்டும், அவன் அப்பாவின் மோட்டார் பைக்குக்கு வாங்கி மிச்சம் இருந்த டாட் 4 பிரேக் ஆயில் பாட்டிலை எடுத்திருக்கிறான். “அண்ணே, அவ்வளவு பெரிய பைக்கையே நிறுத்துது, சைக்கிளை நிறுத்தாதா?” என்றான்.

நிறுத்தும். அதுதான் வம்பே. ஊற்றியவுடன் பிரேக் கச்சிதமாகப் பிடிக்கும், நாமும் வேலை முடிந்தது என்று நினைத்துவிடுவோம். டாட் 3, டாட் 4, டாட் 5.1 எல்லாம் கிளைக்கால் என்ற ரசாயனத்தை அடிப்படையாகக் கொண்ட வகை. ஷிமானோ, டெக்ட்ரோ, மகுரா கம்பெனிகளின் பிரேக்குகள் மினரல் ஆயிலுக்கானவை, அது பெட்ரோலிய எண்ணெய் வகை. உள்ளே இருக்கும் ரப்பர் சீல் எந்த ஆயிலுக்குச் செய்ததோ அதைத்தான் தாங்கும், மாற்றி ஊற்றினால் ஊறி உப்பிவிடும். டாட் கேட்கும் பிரேக்கில் மினரல் ஆயில் ஊற்றினாலும் இதே கதிதான்.

கொஞ்ச நாள் கழித்து, சக்கரம் சுற்றவே மாட்டேன் என்கிறது என்று தூக்கிக்கொண்டு வந்தான். பிரேக் பேட் (உரசி நிறுத்தும் கட்டை) டிஸ்கைக் கவ்விக்கொண்டு விடவில்லை. பேட்டை அழுத்தும் காலிபரைப் பிரித்துப் பார்த்தால், பள்ளத்துக்குள் அடங்கி உட்கார வேண்டிய ரப்பர் வளையம் பருத்து வெளியே பிதுங்கி நிற்கிறது. லிவரும் அழுத்தினால் திரும்பி வரவில்லை. கழுவினாலும் உப்பிய ரப்பர் பழைய அளவுக்கு வராது, அந்த சீல் மட்டும் தனியாகக் கிடைப்பதும் அரிது. லிவர், காலிபர் என்று முழு செட்டையும் மாற்றினோம். சில நூறு ரூபாய் ஆயிலை மிச்சம் பிடிக்கப் போய்ச் சில ஆயிரம் காலி. போதாததற்கு, ஃபிரேமில் சிந்திய இடத்தில் பெயின்ட்டும் உரிந்திருந்தது.

லிவரின் மூடியிலேயே எந்த ஆயில் என்று பெரும்பாலும் பொறித்திருப்பார்கள். திறக்கும் முன் அதைப் படியுங்கள். இல்லையென்றால் மாடல் எண்ணை வைத்துத் தேடுங்கள். ஸ்ராம் கம்பெனி பிரேக்கில் பல காலம் டாட்தான், புதிய மாடல்கள் சிலவற்றில் மினரல். அதனால் கம்பெனி பெயரை மட்டும் நம்பி ஊற்றாதீர்கள். பேபி ஆயிலும் மினரல் ஆயில்தானே என்று கேட்கப் போகிறீர்கள். அதன் கெட்டித்தன்மை வேறு, போதாததற்கு வாசனையும் சேர்த்திருக்கிறார்கள். வேண்டாம்.

டிஸ்க் துடைக்க சானிடைசர்

கை வறண்டுவிடாமல் இருக்க சானிடைசரில் பெரும்பாலும் கிளிசரின் சேர்ப்பார்கள். ஸ்பிரிட் ஆவியானாலும் கிளிசரின் டிஸ்கில் தங்கும், பேட் அதை உறிஞ்சும். அப்புறம் கீச் கீச்சென்று தெருவே திரும்பிப் பார்க்கும், வண்டி மட்டும் நிற்காது. செல்போன் ரிப்பேர் செய்பவர்கள் போர்டு துடைக்க வைத்திருக்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் போதும்.

செயினுக்குச் சமையல் எண்ணெய்

நல்லெண்ணெய்த் தூக்கின் விளிம்பில் படியும் பிசுக்கைச் சுரண்டியிருக்கிறீர்களா? செயினிலும் அதேதான், கூடவே தெருப் புழுதியும் சேரும். தேங்காய் எண்ணெய் மார்கழிக் காலையில் உறைந்தே போகும். வீட்டில் புது என்ஜின் ஆயில் இருந்தால் கண்ணிக்கு ஒரு சொட்டு விட்டு, மேலே வழிவதைத் துடைத்துவிடுங்கள். வண்டியிலிருந்து வடித்த கறுப்பு ஆயில் ஆகாது, அதில் இரும்புத் துகள் இருக்கும்.

பஞ்சருக்கு ஃபெவிக்விக்

காய்ந்தால் கல். டியூப் நெளிந்ததும் பிளந்துவிடும். பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன் வாங்குங்கள்.

வாஸ்லின்

பெடல் மரைக்கு கிரீஸ் இல்லாத அன்று தடவலாம். சக்கரத்தின் நடுவில் உள்ள ஹப் பேரிங்குக்குள் வேண்டாம், வெயிலில் இளகி வெளியே வந்துவிடும்.

டால்கம் பவுடர்

தாராளமாகப் போடுங்கள். டியூப் டயரோடு ஒட்டாது.