கோழிக்கு வந்த சோளம் கொல்லையில் முளைத்தால்

போன ஆடியில் நவி மும்பை கலம்போலி லாரி நிறுத்தத்தில் பெரம்பலூர்க்காரர் ஒருவர், சரக்கு இறக்கிய லாரியின் பலகை இடுக்குகளைக் கூட்டிக்கொண்டிருந்தார். மக்காச்சோளம், ரெண்டு படி தேறும். "கோழிக்கா அண்ணே?" என்றேன்.

"கொஞ்சம் கோழிக்கு. மீதியப் புரட்டாசி மழைக்குக் கொல்லை ஓரமா ஊனிப் பாக்கலாம் தம்பி. மணி நல்லா திரட்சியா இருக்கு."

தீவன ஆலைக்குப் போன லோடு என்பதற்கு மேல் அவருக்கு ஒன்றும் தெரியாது. துறைமுகத்தில் கிளியரிங் வேலை, அதாவது சரக்கைச் சுங்கத்தில் விடுவிக்கும் வேலை, பார்க்கும் எனக்கும் அது மரபணு மாற்றிய சோளமா என்று மணியைப் பார்த்துச் சொல்லத் தெரியாது. மரபணு மாற்றிய மணிக்குத் தனி நிறமோ வாசமோ கிடையாது.

இந்த விஷயத்தில் நம்மவர்கள் பயப்பட வேண்டாத இடத்தில் பயப்படுகிறார்கள். 2021 ஆகஸ்டில் மரபணு மாற்றிய சோயாப் புண்ணாக்கு 12 லட்சம் டன் இறக்குமதிக்கு ஒன்றிய அரசு அனுமதி தந்தது. முதல் அறிவிப்பில் கடல் வழியாக என்றால் எங்கள் நவா சேவா துறைமுகம்தான். உடனே செம்பூர் டீக்கடை வரை 'இனி நாட்டுச் சோயா அவ்வளவுதான்' என்று பேச்சு. எண்ணெய் எடுத்து, சூடேற்றி, அரைத்த புண்ணாக்கு முளைக்காது. அதைத் தின்ற கோழியை நாம் தின்னலாமா என்பது வேறு வாதம். வயலுக்கு அதனால் கலப்பு வராது. அரைபடாத முழுப் பயறு கலந்திருந்தால்தான் சிக்கல்.

சோயாவையும் சோளத்தையும் ஒன்றாக நினைப்பது அடுத்த தப்பு. சோயா பெரும்பாலும் தன் பூவுக்குள்ளேயே சேர்ந்துகொள்ளும். மக்காச்சோளம் அப்படியில்லை. உச்சியில் ஆண் பூ உதிர்க்கும் தூள் காற்றில் போய் அடுத்த கொல்லைக் கதிரின் பட்டிழையில் உட்காரும். வீரிய ஒட்டு விதை எடுக்கும் வயலுக்குச் சுற்றிலும் 200 மீட்டர் இடைவெளி கேட்பது அதனால்தான். 'ஓரமா ரெண்டு வரிசை' பக்கத்துக்காரர் விதைக்கு எடுத்து வைக்கும் கதிரில் போய் நிற்கலாம். மெக்சிகோவின் ஓஹாகா மலைக்கிராமங்களில் நாட்டுச் சோளத்தில் அயல் மரபணு தெரிந்ததாக 2001-ல் ஆய்வு வந்தது. ஆய்வு முறை பற்றிச் சண்டை நடந்தது. ஆனால் சாப்பாட்டுக்கு வந்த அமெரிக்க மணியை யாரோ ஊன்றியதுதான் வழி என்று பலரும் சந்தேகித்தார்கள். அப்போது அங்கே மரபணு மாற்றிய சோளம் பயிரிடவே தடை.

சிந்துவதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்வதும் உண்டு. தார்ப்பாய் சரியாகக் கட்டாத லாரி, கிழிந்த சாக்கு, குடோன் வாசல் கூட்டல். ஜப்பானில் துறைமுகச் சாலை ஓரங்களில் மரபணு மாற்றிய கடுகு வகைச் செடி முளைத்து நின்றது இப்படிச் சிந்திய விதையால்தான். தீவனச் சாக்கை உதறிவிட்டு அதிலேயே விதை கட்டாதீர்கள். தையலுக்குள் நாலு மணி எப்போதும் ஒளிந்திருக்கும். மாட்டுச் சாணத்திலும் முழுச் சோளம் வரும். நன்றாக மக்காத எருவை வயலுக்கு அடிக்க வேண்டாம்.

தானாய் முளைத்ததைக் கிளைபோசேட் என்ற களைக்கொல்லி அடித்துக் கொன்றுவிடலாம் என்பார்கள். அந்த மருந்தைத் தாங்குவதற்கென்றே மாற்றிய ரகங்கள் எத்தனையோ இருக்கின்றன. அடித்தால் சுற்றியுள்ள புல் சாகும், அது மட்டும் செழிப்பாக நிற்கும்! ஆண் பூ வருமுன் கையால் பிடுங்குங்கள்.

மணியை அரைத்த கரைசலில் காகிதப் பட்டையை நனைத்து, மரபணு மாற்றியதா என்று பார்க்கும் பட்டைச் சோதனையையும் (strip test) முழுசாக நம்ப முடியாது. ஒரு பட்டை அதற்குரிய புரதத்தை மட்டும்தான் காட்டும். அதுவும் மேல் மூட்டையில் ஒரு பிடி எடுத்துப் பார்த்தால், அந்தப் பிடிக்கு மட்டும்தான் விடை. லோடு முழுக்கப் பல இடங்களில் எடுத்துக் கலந்து பார்க்க வேண்டும்.

துறைமுகத்தையே குறை சொல்கிறோம், தொழுவத்தைப் பார்ப்பதில்லை. 2002-லிருந்து மரபணு மாற்றிய பி.டி. பருத்தி இங்கேயே விளைகிறது; மாட்டுக்கு ஆட்டி வைக்கும் பருத்திக்கொட்டை பெரும்பாலும் அதுதான்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு அந்தப் பெரம்பலூர்க்காரர், "அப்ப கோழிக்கும் போடக் கூடாதா?" என்றார்.

"மிக்சியில ஒரு சுத்து விட்டுப் போடுங்கண்ணே."