ஆட்டக்காரர் நடுவராக மாறும்போது: முதலில் பந்தை மறக்கப் பழகுங்கள்

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தின் தொடக்ககால நட்சத்திரம் ஜான் ஷோமர். சிகாகோ பல்கலைக்கழகத்துக்கு ஆடி 1909-ல் பட்டம் பெற்றவர், பிறகு பல ஆண்டுகள் நடுவராகக் களத்தில் நின்றார். கூடைப்பந்தை உருவாக்கிய ஜேம்ஸ் நெய்ஸ்மித்திடமே கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் பயின்ற எர்னி குவிக்லியும் நடுவராகத்தான் பெரும்பேர் எடுத்தார். இன்றும் அந்த வழி திறந்தே இருக்கிறது.

எவ்வளவு பெரிய ஆட்டக்காரராக இருந்தாலும் நேரே கல்லூரி ஆட்டம் கிடைக்காது. மாநிலப் பள்ளி விளையாட்டுச் சங்கத்தில் பதிவு செய்து, விதித் தேர்வு எழுதி, சிறுவர் ஆட்டங்களில் தொடங்க வேண்டும். கல்லூரி ஆட்டங்களுக்கு நடுவர்களை ஒதுக்குபவர்கள் கோடைக்கால முகாம்களில்தான் ஆள் பார்க்கிறார்கள்.

ஆடியவரின் கண் பந்தின் பின்னாலேயே ஓடும். மூன்று நடுவர்கள் களத்தைப் பிரித்துக்கொண்டு பார்க்கும் மூவர் முறையில் இது ஆட்டத்தையே கெடுத்துவிடும். நீங்கள் வளையத்துக்குப் பின்னாலுள்ள பேஸ்லைன் கோட்டில் ‘லீட்’ நடுவராக நிற்கும்போது, பந்து வளையத்திலிருந்து தள்ளி, பின்னால் நிற்கும் ‘டிரெயில்’ நடுவரின் பக்கம் இருந்தால், அதை அவரிடம் விட்டுவிடுங்கள். வளையத்துக்கு அடியில் முட்டியும் இடித்தும் இடம் பிடிக்கும் இருவர்தான் உங்கள் பொறுப்பு. மூவரும் பந்தையே பார்த்தால் அந்த முழங்கை இடியை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

மோதலில் தடுப்பவரைப் பாருங்கள். இரண்டு காலும் தரையில் ஊன்றி, மார்பு எதிராளியை நோக்கி இருந்தால் அவர் முறையாக இடம் பிடித்துவிட்டார். அதன்பின் பின்னோக்கியோ பக்கவாட்டிலோ நகரலாம். ஆடியவர்கள் மோதல் வருமென்று முன்கூட்டியே உணர்ந்து ஊதிவிடுகிறார்கள். தவறான தீர்ப்புகளில் பாதி அங்கேதான் பிறக்கிறது. மோதல் முடியட்டும், யாருக்குப் பாதகம் என்று தெரியட்டும், பிறகு ஊதுங்கள். உள்ளே சிறு உருண்டை இல்லாத விசிலே நல்லது; உருண்டை உள்ளது அவசரத்தில் சிக்கிக்கொள்ளும்.

ஃபவுல் என்றால் மூடிய முஷ்டியும், டிராவல் (பந்தைத் தரையில் தட்டாமல் நடப்பது) போன்ற விதிமீறல் என்றால் விரித்த உள்ளங்கையும் நேரே மேலே போக வேண்டும். ஸ்கோரர் மேசைக்கு ஆட்டக்காரரின் சட்டை எண்ணைக் காட்டும்போது 23-க்கு வலக்கையில் 2, இடக்கையில் 3. எதிரே இருப்பவருக்கு அது இடமிருந்து வலமாக 23 என்றே தெரியும்.

ஆட்டத்தைத் தொடங்க, எதிரெதிர் அணி ஆட்டக்காரர் இருவருக்கு நடுவே பந்தைத் தூக்கிப் போடும்போது விசிலை வாயில் வைக்காதீர்கள், முழங்கை பட்டால் பல் போகும். இருவரும் குதித்து எட்டும் உயரத்துக்கு மேலே, நேராகத் தூக்குங்கள். தாழ்ந்தால் பந்து ஏறும்போதே தட்டிவிடுவார்கள். நிறுத்தி மறுபடி தூக்க வேண்டியதுதான்.