உத்திரமேரூர் பக்கத்து ஊர் வரலாறு: சர்வே எண்ணில் தொடங்கிப் பின்னோக்கிப் போவது எப்படி

தலபுராணத்தையோ மாவட்டக் கையேட்டையோ முதலில் திறக்காதீர்கள். கல்வெட்டு சொல்லும் வாய்க்காலோ, இனாம் (வரி நீக்கிய நிலக்கொடை) ஏடு சொல்லும் தோப்போ, எதுவானாலும் கடைசியில் தரையில் ஓர் இடத்தில் கொண்டுவந்து வைத்தாக வேண்டும். அந்த இடத்துக்குப் பெயர் சர்வே எண். ஆகவே ஊரின் எல்லாச் சர்வே எண்களையும் வரிசையாகக் காட்டும் நிலவரி ஏடான 'அ' பதிவேட்டிலிருந்து தொடங்குங்கள். இணையத்தில் ஒவ்வோர் எண்ணாகத்தான் பார்க்க முடியும். முழு ஏட்டையும் புரட்ட வேண்டுமென்றால் வி.ஏ.ஓ. (கிராம நிர்வாக அலுவலர்) அலுவலகத்தில்தான் கேட்க வேண்டும்.

பட்டாதார் பெயர்களை விட்டுவிட்டு, பழைய சர்வே எண் பத்தியையும் குறிப்புப் பத்தியையும் படியுங்கள். ஏரி, கலங்கல் (ஏரியின் உபரிநீர் வழியும் இடம்), மயானம், மந்தை, வண்டிப்பாதை எனப் புறம்போக்குகளைத் தனித்தாளில் எழுதிக்கொள்ளுங்கள். இன்றைய குடியிருப்பிலிருந்து விலகி ஆளில்லாத ஒரு 'நத்தம்' (ஊர்க் குடியிருப்பு நிலம்) தென்பட்டால் அடிக்கோடிடுங்கள். ஊர் இடம் பெயர்ந்ததற்கு அது நல்ல தடயம். நடந்துபோய்ப் பார்த்தால் பல நத்தமேடுகளில் பானை ஓடு கிடக்கும். ஓட்டைப் படம் பிடியுங்கள், எடுக்காதீர்கள்.

அடுத்தது கிராம வரைபடம். பழையவை பெரும்பாலும் ஒரு மைலுக்கு 16 அங்குல அளவு. இதைக் கணினியில் செயற்கைக்கோள் படத்தின் மேல் பொருத்த ஆறு புள்ளிகளாவது வேண்டும். மதகு, கோயில் கருவறை, மூன்று கிராமம் கூடும் எல்லைக்கல் ஆகியவை நம்பகமானவை. சாலை வளைவு, வாய்க்கால் முனை, குட்டைக் கரை எல்லாம் நகர்ந்துவிடும். புள்ளிகளைப் படத்தின் நான்கு மூலைக்கும் பரப்பி வையுங்கள். நடுவில் மட்டும் குவித்தால் ஓரம் இழுத்துக்கொண்டு போகும். இடையில் ஒரு காலத்தைப் பார்க்க, 1960 முதல் 1972 வரை அமெரிக்கா எடுத்த கொரோனா உளவுச் செயற்கைக்கோள் படங்கள் உதவும். ஏரி உள்வாயில் (நீர் தேங்கும் உட்பரப்பில்) எந்த ஆண்டுக்குப் பிறகு வீடு வந்தது என்று அதில் பிடித்துவிடலாம்.

இனி சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம். இங்கே பலரும் தடுமாறுவது மாவட்டப் பெயரில். உத்திரமேரூர் இன்று காஞ்சிபுரம் மாவட்டம். ஆனால் அந்த மாவட்டமே 1997-ல் பிரிந்ததுதான். பழைய ஏடெல்லாம் செங்கல்பட்டின் கீழ் இருக்கும். ஊர்ப்பெயரும் உத்தரமல்லூர், உத்தரமேரூர் என்று பலவிதமாக வரும், அத்தனையையும் தேடுங்கள். 1860-களின் இனாம் பதிவேட்டில் யார், எதற்காக, எவ்வளவு நிலம் கொடுத்தார் என்று வரிசையாக இருக்கும். பழைய வருவாய்க் கணக்கில் வரும் பசலி ஆண்டோடு 590 கூட்டுங்கள், ஆங்கில ஆண்டு வரும். பசலி 1270 என்றால் 1860 ஜூலை முதல் 1861 ஜூன் வரை.

அதற்கும் முந்தியது 1767 முதல் 1774 வரை நடந்த பார்னார்டு அளவை. கிழக்கிந்தியக் கம்பெனிக்கு 1763-ல் கிடைத்த செங்கல்பட்டு ஜாகீரின் (நவாப் கொடுத்த நிலப்பகுதியின்) கணக்கு, ஊர் ஊராக ஓலையில் எழுதியது. ஓலைகளில் ஒரு பகுதி தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்திலும், ஆங்கிலச் சுருக்கம் எழும்பூரிலும் இருக்கின்றன. நிலம் காணியில் வரும்: 100 குழி ஒரு காணி, ஒரு குழி 576 சதுர அடி. ஓலையில் 12 காணி 50 குழி என்று இருந்தால் 16.53 ஏக்கர். 'அ' பதிவேட்டில் ஏறத்தாழ 6.69 ஹெக்டேர் உள்ள புலத்தைத் தேடுங்கள். ஆனால் இதே கணக்கைக் கல்வெட்டுக் குழிக்குப் போடக்கூடாது. அங்கே நிலம் அளக்கும் கோலின் நீளம் ஊருக்கு ஊர் வேறு. பதினாறு சாண் கோல் போன்றவற்றைக் கல்வெட்டே சொல்லும்.

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலைக் குடவோலைக்காக மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். முதலாம் பராந்தகனின் 12, 14-ஆம் ஆட்சியாண்டுச் சாசனங்கள் (919, 921) புகழ்பெற்றவைதான். ஊர் வரலாற்றுக்கோ இந்த ஊரின் மற்றக் கல்வெட்டுகள் தரும் தெரு, வாய்க்கால், வயிரமேகத் தடாகம் என்ற பெயர்கள்தான் தீனி. நிலக்கொடைகளில் கிழக்கெல்லை, தெற்கெல்லை என்று வருவதை வரைபடத்தில் வரைந்து பாருங்கள். நான்கில் இரண்டு எல்லை பொருந்தினாலே பென்சிலால் குறிக்கலாம், பேனா வேண்டாம்.

கோயில் படங்களுக்குப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் தொகுப்பைப் பாருங்கள். வீடுகளில் கிடைப்பவை ஸ்டுடியோப் படங்கள். பின்பக்க முத்திரையையும் எழுத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். சிறிய பிரதிக்கு 600 டி.பி.ஐ. போதும். மின்கம்பம், ஓடு, பேருந்தின் பெயர்ப்பலகை வைத்து எந்த ஆண்டுக்குப் பிந்தியது என்று மட்டும் சொல்லுங்கள், சரியான ஆண்டை ஊகிக்க வேண்டாம். சட்டத்துக்குள் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட படத்தைப் பிரிக்கவே கூடாது, முகம் கண்ணாடியோடு வந்துவிடும். ஜன்னலுக்குப் பக்கவாட்டில் சாய்த்து வைத்து, ஃபிளாஷ் இல்லாமல், கண்ணாடியோடு சேர்த்தே எடுங்கள்.