பனிக்கட்டியிலிருந்து நீராவி வரை: வெப்பநிலை வரைபடம் எடுக்கும் முறை

அடுப்பில் வைத்த பொருளின் வெப்பநிலை ஏறிக்கொண்டே போகும் என்றுதான் நம்மில் பெரும்பாலோர் எண்ணுகிறோம். திண்மம் திரவமாகும் வேளையிலும் திரவம் வாயுவாகும் வேளையிலும் அது ஏறாமல் நின்றுவிடுகிறது. பாடப்புத்தகத்தில் ஒரு வரியில் கடந்துபோகும் இந்தச் செய்தியை ஒரு வெப்பமானி, ஒரு கடிகாரம், ஒரு வரைபடத்தாள் ஆகியவற்றைக் கொண்டு சமையலறையிலேயே வரைந்து பார்க்கலாம். மாணவர்கள் செய்வதானால் பெரியவர் ஒருவர் அருகில் இருப்பது அவசியம்.

முதலில் வெப்பமானி. காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி இதற்கு உதவாது. அது 42 பாகையோடு முடிந்துவிடும். பாதரச வெப்பமானி உடைந்தால் ஆபத்து. சிவப்பு ஆல்கஹால் நிரப்பிய, -10 முதல் 110 பாகை செல்சியஸ் வரை காட்டும் ஆய்வக வெப்பமானியே பொருத்தமானது. அதை நூலால் ஒரு மரக்கரண்டியில் கட்டி, கரண்டியைப் பாத்திரத்தின் வாயில் குறுக்கே வைத்தால், குமிழ்ப் பகுதி அடியைத் தொடாமல் தொங்கும். அடியைத் தொட்டால் அது தண்ணீரின் வெப்பநிலையைக் காட்டாமல் பாத்திரத்தின் சூட்டைக் காட்டிவிடும்.

300 கிராம் பனிக்கட்டியைத் துணியில் சுற்றிக் குழவியால் நொறுக்கிப் பாத்திரத்தில் இடுங்கள். பெரிய கட்டிகளாக இருந்தால் ஓரத்தில் உருகிய நீர் சூடாகிவிட, நடுவில் பனிக்கட்டி அப்படியே கிடக்கும், அளவீடு குழம்பிவிடும். பிறகு சிறிய அடுப்பை மிகக் குறைந்த தீயில் ஏற்றி, கடைசி வரை திருகைத் தொடாதீர்கள். தீ மாறாமல் இருந்தால்தான் நேரத்தை வெப்பத்தின் அளவாகக் கொள்ள முடியும். நன்கு கிளறிக்கொண்டே, அரை நிமிடத்துக்கு ஒரு முறை வெப்பநிலையைக் குறித்துவாருங்கள். வரைபடத்தாளில் நேரத்தைக் கிடையாகவும் வெப்பநிலையைச் செங்குத்தாகவும் கொண்டு புள்ளிகளை இட்டு இணைத்தால் ஒரு கோடு கிடைக்கும்; வெப்பநிலை நிற்கும் இடங்களில் அது தட்டையாக இருக்கும்.

உறைபெட்டியில் -18 பாகை வரை குளிர்ந்திருந்த கட்டி சட்டென்று 0 பாகைக்கு வந்து, அங்கேயே நிற்கும். தீ எரிகிறது, பனிக்கட்டி குறைகிறது, வெப்பமானி மட்டும் அசைவதில்லை. உள்ளே செல்லும் வெப்பம் மூலக்கூறுகளின் வேகத்தைக் கூட்டாமல், அவற்றை ஒழுங்காகப் பிடித்து வைத்திருக்கும் பிணைப்பைத் தளர்த்துவதில் செலவாவதே காரணம். 1760களில் கிளாஸ்கோவில் வேதியியலாளர் ஜோசப் பிளாக் ஆராய்ந்து காட்டிய உள்ளுறை வெப்பம் இதுதான். ஒரு கிலோ பனிக்கட்டியை உருக்க 334 கிலோஜூல் வெப்பம் தேவை. அதே வெப்பம் ஒரு கிலோ நீரை 0 பாகையிலிருந்து ஏறத்தாழ 80 பாகைக்குக் கொண்டுபோய்விடும். உங்கள் வெப்பமானி இந்தக் கட்டத்தில் 1 பாகை என்று காட்டினால் அது கருவியின் பிழை. பின்னர் வரும் அளவுகளிலும் அதைக் கழித்துக்கொள்ளலாம்.

கடைசித் துண்டு கரைந்ததும் கோடு மேலேறத் தொடங்கும். நடுவழியில் ஓரங்களில் தோன்றும் சிறு குமிழிகளைக் கொதிப்பு என்று கொள்ள வேண்டாம். அவை நீரில் கரைந்திருந்த காற்று. அதன்பின் பாத்திரம் இரையத் தொடங்கும். அடியில் உண்டாகும் நீராவிக் குமிழிகள் மேலே உள்ள குளிர்ந்த நீரில் பட்டு நொறுங்கும் ஓசை அது. தளதளவென்று கொதிக்கும்போது ஓசை மாறி, வெப்பமானி மீண்டும் நின்றுவிடும். சென்னையில் அது 100 பாகையை ஒட்டி நிற்கும். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள உதகமண்டலத்தில், காற்றழுத்தம் குறைவு என்பதால், 92 அல்லது 93 பாகையிலேயே நிற்கும்.

இந்த இரண்டாவது தட்டையான பகுதியை அவசரமாக முடித்துவிடாதீர்கள். 300 கிராம் பனிக்கட்டியை முழுதும் உருக்கிக் கொதிநிலைக்குக் கொண்டுவர ஏறத்தாழ 226 கிலோஜூல் செலவாகிறது. கொதிக்கும் நீரில் வெறும் 100 கிராமை ஆவியாக்கவே அதே அளவு வேண்டும். பாத்திரத்தை இறக்கி எடைபோட்டால் இதைச் சரிபார்க்கலாம். கணக்கு அச்சாகப் பொருந்தாது: சூடான பாத்திரம் அறைக்கு வெப்பத்தை இழக்கிறது, பனிக்கட்டியோ அறையிலிருந்து வெப்பத்தை வாங்குகிறது. ஆகவே உருகும் பகுதி சற்றுக் குறுகியும், கொதிக்கும் பகுதி நீண்டும் வரும். நீர் முழுதும் வற்றும் முன் அடுப்பை அணைத்துவிட வேண்டும்.

கண்ணுக்குத் தெரியும் வெண்புகை நீராவியன்று. நீராவி குளிர்ந்து உண்டான நுண்துளிகள். உண்மையான நீராவி கண்ணுக்குத் தெரியாது, தோலில் பட்டு நீராகும்போது தான் வாங்கிய வெப்பம் அத்தனையையும் அங்கே விட்டுவிடும். எனவே மூடியைத் திறக்கும்போது முகத்துக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்த்துத் திறக்க வேண்டும்.

ஒப்பிட்டுப் பார்க்க விரும்பினால், மெழுகுவர்த்தித் துண்டுகளை ஒரு கண்ணாடிக் குழாயில் இட்டு, அதைச் சுடுநீரில் நிறுத்தி இதேபோல் அளந்து பாருங்கள். நேரடித் தீயில் மெழுகை வைக்கக் கூடாது. அதன் ஆவி தீப்பற்றும். மெழுகு பல சேர்மங்களின் கலவை என்பதால், நீருக்கு வந்ததுபோன்ற கூர்மையான தட்டைப் பகுதி அதற்கு வராது. சில பாகைகள் வரை சரிந்தேறும் கோடே கிடைக்கும்.