முட்டியில் ஊசி போடப் போகிறீர்களா? ஒரு நிமிஷம்

முட்டி வலிக்கு ஊசி போட்டுக்கொள்ளலாம் என்று டாக்டர் சொன்னதும் பாதிப் பேர் பயந்துவிடுகிறார்கள், மீதிப் பேர் இத்தோடு வலி ஒழிந்தது என்று நினைத்துக்கொள்கிறார்கள். தேய்ந்த மூட்டை ஊசி சரிசெய்யாது. உள்ளே இருக்கும் அழற்சியை அடக்கி சில வாரங்களுக்கு, நன்றாகப் பிடித்தால் மூன்று மாதம் வரை, வலியைக் குறைத்துக் கொடுக்கும், அவ்வளவுதான். அதற்குள் தொடைத் தசையைத் தேற்றிக்கொள்வது நம் பாடு.

எடுத்த எடுப்பில் தனியார் நிபுணரிடம் ஓட வேண்டாம். பலதுறை மருந்தகத்தில் காட்டி, அங்கே கொடுக்கும் கடிதத்தோடு அரசாங்க மருத்துவமனைக்குப் போனால் சிங்கப்பூரர்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மானியம் உண்டு. காத்திருக்க வேண்டிவரும், அந்த நேரத்தில் பிசியோதெரபியை ஆரம்பித்துவிடுங்கள்.

அப்புறம், என்ன ஊசி என்று கேளுங்கள். வெட்கப்படாமல் கேளுங்கள். பெரும்பாலும் போடுவது ஸ்டீராய்டு, விலை குறைவு, பல வருஷமாகப் புழக்கத்தில் இருப்பது. ஹையலுரோனிக் ஆசிட் என்று ஒன்று உண்டு, மூட்டுக்கு எண்ணெய் போடுவது மாதிரி என்பார்கள். விலை கூட, ஆனால் பலன் பற்றி மருத்துவர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. நம் ரத்தத்தையே எடுத்துச் சுழற்றிப் போடும் பிஆர்பியும் கிட்டத்தட்ட அதே கதைதான். காசைப் பார்த்து மருந்தின் தரத்தை எடைபோடாதீர்கள்.

ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறீர்களா, காய்ச்சலோ ஊசி போடும் இடத்தில் புண்ணோ இருக்கிறதா, மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருக்கிறார்களா, இதையெல்லாம் முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். ஊசி போட்ட மூன்று மாதத்துக்குள் அந்த அறுவை சிகிச்சை செய்தால் கிருமித்தொற்று ஆபத்து கூடும்.

நீரிழிவு இருந்தால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். எங்கள் அம்மாவுக்குத் தீபாவளி முடிந்த வாரம் போட்டார்கள், மறுநாளே சர்க்கரை எகிறிவிட்டது, நாங்கள் எல்லோரும் லட்டுமேல் பழி போட்டு அவரைத் திட்டித் தீர்த்தோம். ஸ்டீராய்டு ஊசி சில நாட்களுக்குச் சர்க்கரையை ஏற்றும் என்று அங்கே யாரும் சொல்லவில்லை. ஒரு வாரம் வீட்டிலேயே அடிக்கடி விரலில் குத்திச் சர்க்கரையைப் பாருங்கள், மிக அதிகமாகப் போனால் டாக்டரிடம் பேசுங்கள்.

ஊசி போடச் சில நிமிடம்தான். மரத்துப்போகும் மருந்தையும் கலந்து போட்டால் அன்றைக்கு வலியே இருக்காது, நம்பிவிடாதீர்கள், சில மணி நேரத்தில் திரும்ப வரும். ஸ்டீராய்டு வேலை செய்ய இரண்டு மூன்று நாளாகும், அதற்குள் வலி கூடவும் செய்யலாம், துணியில் சுற்றி ஐஸ் வையுங்கள். ஓரிரு நாள் கனமான வேலை வேண்டாம். தைப்பூசத்துக்கு முதல் நாள் ஊசி போட்டுக்கொண்டு சிராங்கூன் ரோட்டிலிருந்து டேங்க் ரோடு வரை நடக்கலாம் என்று கணக்குப் போடாதீர்கள்.

நாளுக்கு நாள் வலி ஏறுகிறது, மூட்டு சிவந்து சுடுகிறது, காய்ச்சல் அடிக்கிறது என்றால் கிருமி புகுந்திருக்கலாம். அரிதுதான், ஆனாலும் மறுநாள் பார்க்கலாம் என்று இருக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

ஒரே மூட்டில் வருஷத்துக்கு மூன்று நான்கு ஸ்டீராய்டு ஊசிக்கு மேல் போடமாட்டார்கள். 2017இல் வந்த ஓர் ஆய்வில் இரண்டு வருஷம் 12 வாரத்துக்கு ஒருமுறை போட்டுப் பார்த்தார்கள். உப்புத் தண்ணீர் ஊசி போட்டவர்களைவிட இவர்களுக்குக் குருத்தெலும்பு கூடுதலாகத் தேய்ந்திருந்தது, வலியிலும் பெரிய வித்தியாசம் இல்லை. அதனால் எந்த முட்டி, எந்தத் தேதி, என்ன மருந்து என்று போனில் குறித்து வையுங்கள், அடுத்த முறை வேறு டாக்டராக இருப்பார்.

வலி அடங்கியதும் நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டி ஐந்து விநாடி பிடியுங்கள், ஒரு காலுக்குப் பத்து முறை. அம்மா வசந்தம் டிவியில் செய்தி பார்த்துக்கொண்டே செய்கிறார், விளம்பரம் வந்தால் மட்டும் ஓய்வு.