சோபாவை அளந்துவிட்டு குஜரிக்குப் போங்கள்

பழைய பிக்கப் வண்டியைப் படம் எடுத்து ஹாலில் மாட்ட ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, எந்த லென்ஸ் வாங்கலாம் என்றுதான். நான் திருப்பிக் கேட்பது, உங்கள் வீட்டு சோபா எத்தனை அடி?

பெங்களூர் சிவாஜிநகரில் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். பாஸ்போர்ட் போட்டோ, கல்யாண ஆல்பம், ஃப்ரேம் வேலை. அப்பா ஒரு மரக்கடைக்கு மேட்டடார் ஓட்டியவர், அதனால் பழைய வண்டியைக் கண்டால் கை சும்மா இருக்காது.

சோபா 6 அடி என்றால் அதில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 4 அடி அகலப் படம் எடுப்பாக இருக்கும். 24 மெகாபிக்சல் கேமரா தருவது 6000 பிக்சல் அகலம். அதை 48 இஞ்சுக்கு விரித்தால் இஞ்சுக்கு 125 பிக்சல். கான்வாஸில் ஏழெட்டு அடி தள்ளி உட்கார்ந்து பார்க்க இது தாராளம். சாப்பாட்டு மேஜைக்குப் பக்கத்தில், மூக்குக்கு நேரே மாட்டப் போகிறீர்களா? அப்போது போதாது. கேமராவை நெட்டுக்குத்தலாகப் பிடித்து, வண்டியை நாலைந்து துண்டாக, ஒவ்வொன்றும் அடுத்ததன்மேல் மூன்றில் ஒரு பங்கு ஏறும்படி எடுத்து, பிறகு கம்ப்யூட்டரில் ஒட்டுங்கள். மாட்டும் இடம் குறுகலான தூண் என்றால் முழு வண்டி வேண்டவே வேண்டாம். ஒரு கதவு போதும்.

சரி, வண்டிக்கு எங்கே போவது? குஜரிதான். காயலான் கடைக்கு இங்கே அதுதான் பேர். ஜே.சி. ரோட்டுச் சந்துகள், டிங்கரிங் ஷெட்டுகள் எல்லாம் பார்க்கலாம். போனதும் கேமராவைத் தூக்காதீர்கள். டீ சாப்பிடுங்கள், வண்டி யாருடையது என்று கேளுங்கள், எதற்கு எடுக்கிறீர்கள் என்று சொல்லுங்கள்.

எனக்கு அகப்பட்டது ஒரு பாயின் ஷெட்டில் நின்ற ஷெவர்லே பிக்கப். முன்கண்ணாடி நடுவில் கம்பி வைத்து இரண்டு துண்டாக இருந்தது. அந்த வரிசையில் ஒரே கண்ணாடி 1954இல்தான் வந்தது. கதவில் திருப்பித் திறக்கும் சின்ன ஜன்னலும் இருந்தது. அது வந்தது 1951இல். ஆக, வண்டி இரண்டுக்கும் நடுவில் பிறந்தது. படத்துக்குக் கீழே வருஷம் எழுத நினைப்பவர்கள் இந்த இரண்டையும் பார்த்துவிட்டு எழுதுங்கள். பாய் 1942 என்று சாதித்தார்! ஜெனரல் மோட்டார்ஸ் பம்பாய் சிவ்ரியில் 1928 முதல் 1954 வரை வண்டிகளைப் பூட்டி விற்றது, அங்கிருந்து வந்ததாகவும் இருக்கலாம்.

நான் ட்ரைபாட் விரிப்பதற்குள் பாய் ஒரு துணியை டீசலில் நனைத்து பானெட்டைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார். “பாய், துடைக்காதீங்க!” என்று கத்தினேன். “அழுக்கா இருக்குதேம்மா” என்றார். பாதி பானெட் போனது போனதுதான். இதை முதலிலேயே சொல்லி வைத்துவிடுங்கள்.

அடுத்தது தூரம். வண்டி பதினாறு அடிக்குக் கொஞ்சம் கூட. பக்கவாட்டில் முழுதாக, இருபுறமும் காற்றோட்டமாக எடுக்க, ஃபுல் ஃப்ரேம் (பெரிய சென்சார்) கேமராவில் 50 எம்எம் லென்ஸோடு 28 அடி பின்னால் போக வேண்டும். சந்தில் அவ்வளவு இடம் ஏது? வைடு லென்ஸ் போட்டுக் கிட்டே போய் எடுத்தால் முன் மட்கார்டு பொன்னுக்கு வீங்கி மாதிரி உப்பிவிடும். நான்கு பையன்களை வைத்து வண்டியைத் தெருவுக்குத் தள்ளினோம். கேமராவை ஹெட்லைட் உயரத்தில் வையுங்கள், லென்ஸ் துளை எஃப்8, ஃபைல் சுருக்காத ‘ரா’. அவ்வளவுதான்.

வெளிச்சம் காலை எட்டு மணிக்குள், இல்லையென்றால் மேகமூட்டம். நிழலில் வானத்து நீலம் இறங்கித் துருவைச் சப்பென்று ஆக்கிவிடும், அதனால் ஒயிட் பேலன்ஸை, அதாவது கேமராவின் நிறச் சீரமைப்பை, ‘ஷேட்’டில் வையுங்கள். கண்ணாடியில் தெரியும் கரண்டுக் கம்பிகளை போலரைசர் ஃபில்டர் அழிக்கும். குரோமியத்திடம் அதன் பாச்சா பலிக்காது. எனக்கு இது பிரிண்ட் வந்த பிறகுதான் உறைத்தது: வீல் கப் நடுவில் மஞ்சள் துப்பட்டாவோடு நானே குந்தியிருக்கிறேன். அன்றிலிருந்து கறுப்புச் சட்டை.

முழு வண்டியைவிட எனக்குப் பிடித்தது அதன் கதவு. ‘விறகு மண்டி’ என்று எழுதியதில் ‘றகு ம’ மட்டும் மிச்சம். மேலே பச்சை, உரிந்த ஓரத்தில் கடுகு மஞ்சள், அதற்கும் கீழே ரெட் ஆக்சைடு. கைப்பிடிக்குக் கீழே, டிரைவர் கை தேய்த்துத் தேய்த்து, ஒரு தோசை அளவுக்கு வெறும் தகரம் பளபளக்கிறது. இந்த மாதிரி இடத்துக்கு பக்கவாட்டு வெயில் தேவை, அப்போதுதான் பெயின்ட் உரிந்த விளிம்பு நிழல் விழுந்து எழும்பி நிற்கும்.

பிரிண்டுக்கு அனுப்பும் முன் திரை வெளிச்சத்தைக் குறையுங்கள். முழு வெளிச்சத்தில் திருத்தினால் பிரிண்ட் இருட்டாக வரும். பிரிண்ட் போடும் லேப் எஸ்ஆர்ஜிபி என்ற நிற முறையில் ஃபைல் கேட்டால் அதையே கொடுங்கள். நான் ஒருமுறை அடோபி ஆர்ஜிபி என்ற வேறு முறையில் அனுப்பி, செம்மண் நிறத் துரு சாம்பல் பூத்து வந்தது. பெரிய பிரிண்டுக்கு முன் அதே அளவில் ஒரு துண்டை மட்டும் ஏ4இல் போட்டுப் பாருங்கள். கான்வாஸ் என்றால் நான்கு பக்கமும் 2 இஞ்ச் மடங்கும், பம்பரை அங்கே கொண்டுபோய் வைக்காதீர்கள். ஜன்னலுக்கு எதிர்ச் சுவர் என்றால் கண்ணாடி போடாமல் மேட் பேப்பரோ கான்வாஸோதான். சோபா முதுகுக்கும் படத்துக்கும் ஒரு சாண் விடுங்கள்.

கதவுப் படத்தை அழகாக ஃப்ரேம் போட்டு பாய்க்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். “வண்டி எங்கம்மா?” என்றார். மறுபடி போய், ஃபுட்போர்டில் ஒரு காலை வைத்து அவர் நிற்க, முழு வண்டியையும் 12க்கு 18இல் எடுத்துக் கொடுத்தேன். அது வெல்டிங் மெஷினுக்கு மேலே தொங்குகிறது, பிளாஸ்டிக் கவரைக்கூட இன்னும் பிரிக்கவில்லை.