4×6 அங்குல பிரிண்டுக்குப் படத்தைத் தயார் செய்வது

கிம்ப் என்ற இலவசப் படத் திருத்த மென்பொருளில் படத்தைத் திறந்ததும் முதல் வேலை கிராப், அதாவது ஓரங்களை வெட்டுவது. போன் படங்கள் பெரும்பாலும் 3:4 விகிதம். 4×6 தாளோ 2:3. கிராப் கருவியில் 'ஃபிக்ஸட்' டிக் செய்து 2:3 கொடுங்கள்: 3000×4000 பிக்சல் படம் 2667×4000 ஆகும். இதை விட்டுவிட்டால் கடையில் வெட்டுவார்கள், ஓரத்தில் நிற்பவரின் தோள் போய்விடும்.

பிறகு இமேஜ் மெனுவில் 'பிரிண்ட் சைஸ்', அகலம் 4 அங்குலம். ரெசல்யூஷன் (ஓர் அங்குலத்துக்கு எத்தனை பிக்சல் என்பது) தானாக 667 ஆகும். ஒரு பிக்சல்கூட மாறாது. ஃபைல் பெரிதாக இருந்தால் மட்டும் 'ஸ்கேல் இமேஜ்' போய் 1200×1800. சங்கிலிக் குறி இணைந்தே இருக்கட்டும், இல்லையென்றால் முகம் இழுபடும்.

600×900 வாட்ஸ்அப் படத்தில் ரெசல்யூஷன் 72-ஐ அழித்து 300 என்று எழுதினால் தெளிவு கூடிவிடாது. அந்தப் பிக்சல்கள் 2×3 அங்குலத்துக்குத்தான் காணும். ஒரிஜினலைக் கேட்டு வாங்குங்கள்.

முடித்ததை 'எக்ஸ்போர்ட் ஆஸ்' வழியே வேறு பெயரில் சேமியுங்கள்.